காம்பு மேலே, நுனி கீழே

இந்தக் கதையில் நல்ல சிரிப்பு ஒன்று இருக்கிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பக்கத்தில் இருப்பவர் முதுகில் ஓர் அடி போட்டுச் சிரிக்கிற சிரிப்பு. ஆனால் இப்போதே கொடு என்று கேட்டால் கொடுப்பதற்கில்லை; அது காம்பவுண்டின் கடைசிச் சந்துக்குள் ஒரு தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறது, அங்கே போய்ச் சேருவதற்குள் திருப்பூரின் சித்திரை வெயிலையும், மூட்டை மூட்டையாகத் துணி இலைகளையும், பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய ஓர் இலையுதிர் காலத்தையும் நாம் தாண்ட வேண்டியிருக்கிறது. வெயிலிலிருந்து ஆரம்பிப்போம். வெயிலில் யாருக்கும் சிரிப்பு வராது, அதனால் அவசரமில்லை.

பொன்னுசாமி காம்பவுண்டில் எதிரும் புதிருமாக இருந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் சிமெண்ட் சீட்டுதான் கூரை. மத்தியானத்தில் உள்ளே படுத்தவர் தோசைக்கல்லில் கிடக்கிற தோசைபோலத் தன்னைத்தானே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொள்வார். குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் பனியன் கம்பெனியில் வேலை செய்தார்கள், அந்தச் சித்திரை வெயிலில் போர்வை கனத்துக்குத் துணியை மடியில் போட்டுக்கொண்டு, மூக்கு நுனியில் வேர்வை சொட்டச் சொட்ட, எந்தக் கடலுக்கோ அப்பால் யாரோ சில மாதம் கழித்து நடுங்கப் போகிறார்கள் என்பதற்காகத் தொப்பி வைத்த முழுக்கைச் சட்டைகளைத் தைத்து அனுப்பினார்கள். குளிர் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. குளிருக்கு எத்தனை பாக்கெட் வேண்டும் என்று மட்டும் தெரியும்.

அந்தக் காம்பவுண்டில் ஜீவிதா என்று ஒருத்தி, பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். காத்திருப்பவர்கள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள், இவளுக்குத் தொண்டையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வீட்டுக்காரர் பொன்னுசாமியின் இருமலை இருமினாள் என்றால் திருட்டுத்தனமாக ஓடிய மோட்டார்கள் எல்லாம் சட்டென்று நின்றன; தண்ணீர் லாரி டிரைவராகக் கத்தினாள் என்றால் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சோப்பு நுரையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்; குக்கராக மூன்றாவது விசில் அடித்து எத்தனையோ வீட்டுப் பருப்பை வேகாமலே இறக்க வைத்தாள். பிடிபட்டால் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி, “சத்தியமா நானில்லே…ஏ!” என்று கடைசி எழுத்தை ரப்பர் மாதிரி இழுப்பாள், இழுத்த வாலில் ஒரு விக்கல் சிரிப்பு வந்து முட்டும். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும்தான் அவள் சொந்தக் குரலில் பேசுகிறாள் என்று காம்பவுண்டில் சொல்லிக்கொண்டார்கள்.

அவள் அம்மா ருக்குமணி மதுரைப் பக்கம், துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டைலர். அப்பா சரக்கு லாரியோடு எந்த ஸ்டேட்டிலாவது இருப்பார். ருக்குமணிக்கு நைட் ஷிப்ட் விழுந்த காலத்தில் எல்லாம் ஜீவிதா தூங்கியது, பெரிம்மா என்று அவள் கூப்பிட்ட பக்கத்து வீட்டுக் கோகிலவாணியின் மடியில். கோகிலவாணி உள்ளூர்க்காரி, தனிக்கட்டை, பிளாட்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஊசிக்கு மூச்சு வாங்கும். கம்பெனியில் இருவர் மெஷினும் பக்கத்துப் பக்கத்தில். வீட்டில் இருவர் அடுக்களை ஜன்னலும் ஒரே சந்தைப் பார்த்து எதிரெதிரே. ஒருத்தி தாளித்தால் இன்னொருத்தி தும்முவாள். அப்படி இருந்தவர்கள் பேசாமல் போனதற்கு ஓர் இலைதான் காரணம்.

வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்திருந்தது. கடுகு மஞ்சள், துரு, மாதுளைத் தோல் சிவப்பு, வெல்லப்பாகு என்று வகைவகையான நிறத்தில், கைவிரல் விரித்த மாதிரி ஓர் இலையைத் துணியில் வெட்டி ஓரம் அடித்து, சட்டையின் நெஞ்சில் வைத்துத் தைக்க வேண்டும். இலையை எப்படி வைப்பது என்று யாரும் கேட்கவில்லை, இதில் கேட்க என்ன இருக்கிறது? வாசலில் மாவிலை கட்டிப் பழகிய கைகள் அவை. காம்பு மேலே, நுனி கீழே. நெஞ்சுக்கு நெஞ்சு தோரணம் தொங்கியது. கப்பல் ஏறிய சட்டைகளைப் பார்த்த வெளிநாட்டுக்காரர், எங்கள் ஊர் இலை காம்பை ஊன்றி நிமிர்ந்து நிற்கும், இதென்ன தலைகீழாகத் தொங்குகிறது என்று அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். முதலில் காம்பை மேலே வைத்தது யார்? கோகிலா அக்காதான் என்றாள் ருக்குமணி. ருக்குதான் என்றாள் கோகிலவாணி. இருவரையும் கம்பெனி வெளியே அனுப்பியது, இருவரும் வேறு வேறு கம்பெனியில் சேர்ந்தார்கள், மிச்சம் விழுந்த துணி இலைகளை வேஸ்ட் என்று ஆளுக்குப் பாதி தலையில் கட்டியது கம்பெனி. ருக்குமணியின் பரணில் பாதி, கோகிலவாணியின் கட்டிலுக்கடியில் பாதி. எதிரெதிர் ஜன்னல்களில் கோணித் திரை விழுந்தது.

இந்த வருஷம் சித்திரை பிறந்ததும் கோகிலவாணி குழாயடியில் நின்று, யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “நானு வேற ஊடு பாக்கறனுங். வைகாசி கடைசி முகூர்த்தத்துல பால் காச்சோணும். அதத் தப்புனா ஆனி ஆடியில யாரு குடி போவாங்க, பொறவு ஆவணிக்குத்தான்.”

ருக்குமணி நிரம்பி வழிகிற குடத்தில் மறுபடியும் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஜீவிதா மட்டும் அன்று முழுவதும் யார் குரலிலும் பேசவில்லை. காம்பவுண்டில் பாதிப் பேர் அவளுக்குக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். பெரிம்மா போகக்கூடாது. வைகாசியைத் தாண்ட வைத்துவிட்டால் ஆவணி வரைக்கும் தப்பலாம், ஆவணிக்குள் என்னவும் நடக்கலாம். அவ்வளவுதான் அவள் கணக்கு.

எதிர்வீட்டுச் சரண்யா வந்து மாட்டினாள். அவள் மகள் மிதுனா யு.கே.ஜி. லீவுக்கு வீட்டுப்பாடமாம்: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பருவகாலம், வீட்டில் மிச்சம் கிடக்கும் பொருளை வைத்து அலங்காரம் செய்து போட்டோ அனுப்ப வேண்டும். மிதுனாவுக்கு விழுந்தது இலையுதிர் காலம்.

“மத்த புள்ளைகளுக்கு மழை, வெயில்னு நல்லதா குடுத்துட்டு எம்புள்ளைக்கு இதக் குடுத்திருக்காங்க பாரு ஜீவி,” என்று சரண்யா புலம்பினாள். “நம்மூர்ல இலை உதிர்ந்தா அது குப்பைங்க. குப்பைய எப்படி அலங்காரம் பண்றது?”

ஜீவிதாவின் தொண்டையில் ஏதோ குறுகுறுத்தது. சரண்யா வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஏதோ புது நம்பரிலிருந்து அவள் போன் அடித்தது. மறுமுனையில் பள்ளிக்கூடப் பிரின்சிபால் மேடம். மூக்கில் ஆங்கிலமும் நாக்கில் தமிழுமாக, நடுநடுவே பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டு பேசினார்.

“மிதுனா மதர்? லிசன் பண்ணுங்க. அலங்காரம்னா உங்க வீட்டு வாசலுக்கு மட்டும் இல்ல. அக்கம்பக்கம் எல்லாரும் சேந்து செய்யணும், ஒரு வாசல்கூட விடக்கூடாது. கடையில வாங்கக்கூடாது, மிச்சம் மீதிதான். அப்புறம் முக்கியமான பாயிண்ட். அந்த ஊர்கள்ல இது ஒரு விரதம் மாதிரி. பேச்சுவார்த்தை இல்லாதவங்க ரெண்டு பேர் பேசினாதான் இலை உதிரும். ஆனா நேருக்கு நேர் முகம் பாத்துடக்கூடாது. செவுத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். புரியுதா? குட்.”

“புரியுதுங் மேடம்,” என்று நிமிர்ந்து நின்று சொன்னாள் சரண்யா. ஜீவிதா குளியலறையிலிருந்து முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

மேடமே பேசிவிட்டதால் காம்பவுண்டே இறங்கியது. பரணிலிருந்தும் கட்டிலுக்கடியிலிருந்தும் மூட்டைகள் வந்தன, அவிழ்த்துக் கொட்டியபோது சிமெண்ட் தரையில் நெருப்பு பரவிய மாதிரி நிறம் பரவியது. அவரவர் வீட்டில் கிடந்ததை எல்லாம் கொண்டுவந்தார்கள்: நூல் தீர்ந்த கோன் அட்டை, அறுந்த எலாஸ்டிக், ஜோடி தொலைந்த பட்டன், ஓவர்லாக் கத்தி நறுக்கிப்போட்ட ஓர வெட்டு. கோன் அட்டையைச் சுற்றித் துரு நிறத் துணியை இழுத்துக் கட்டிப் பூசணிக்காய் செய்தார்கள்; ஓர வெட்டை முறுக்கிக் கதிர் செய்தார்கள்; பட்டனைக் கோத்துக் கொட்டை என்றார்கள். ருக்குமணி தன் வாசலில் இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்து கட்டினாள். கோகிலவாணி தன் வாசலில் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்து கட்டினாள். கயிற்றில் முதல் இலையைக் கோக்கப் போகும்போது ருக்குமணி வானத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏத்தா சரண்யா, இலைய எங்கிட்டு வச்சுக் கட்டணும்னு உங்க மேடத்துக்கிட்ட நல்லாக் கேட்டுக்க. அப்புறம் என்னையத்தான் சொல்லுவாய்ங்க.”

கோகிலவாணி தரையைப் பார்த்துச் சொன்னாள்: “தோரணம்னா காம்பு மேலதானுங். இதுல மேடத்தக் கேக்கறதுக்கு என்ன இருக்குது?”

பட்டன் கோத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ருக்குமணி கொஞ்ச நேரம் இலையைக் கையில் வைத்திருந்துவிட்டு, காம்பை மேலே வைத்துக் கட்டினாள்.

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வீடு, கம்பிக்குக் கம்பி, குழாயடியிலிருந்து கேட் வரைக்கும் இலைத் தோரணம் குறுக்கும் நெடுக்குமாகப் போனது. மிதுனாவை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். மறுநாள் காலையில் கோலம் போட வாசலுக்கு வந்த சரண்யா வாளியை வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, உள்ளே திரும்பிச் சாதாரணமாகச் சொன்னாள்: “ஏனுங், அது வந்துருச்சாட்ட இருக்குது.”

இலையுதிர் காலம் வந்திருந்தது. கேட்டுக்கு வெளியே தெரு சித்திரையில் கொதித்தது, தார் ஒட்டியது, நாய்கள் நாக்கைத் தொங்கவிட்டன. கேட்டுக்கு உள்ளே மெல்லிசாகப் பனி இறங்கி, வெயில் மஞ்சளாகச் சாய்ந்து, குழாய்த் தண்ணீர் பல்லைக் கூசவைத்தது. அதைப் பார்த்து, ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. வந்தவரை எங்கே உட்காரவைப்பது என்பதுதான் பேச்சாக இருந்தது. வீட்டுக்காரர் பொன்னுசாமி கேள்விப்பட்டு வந்து, ஒரு காலை வெளியிலும் ஒரு காலை உள்ளேயும் வைத்துக் கேட்டில் நின்றார். வெளிக்கால் வேர்த்தது, உள்கால் மயிர் சிலிர்த்தது. “இது என்ற கேட்டு, அப்ப அதுக்குள்ள வந்த காலமும் எனக்குத்தான் சொந்தம்” என்றார். அப்படியானால் விழப்போகிற இலையைக் கூட்டுவதும் வீட்டுக்காரர் வேலையா என்று சரண்யா மரியாதையாகக் கேட்டாள். “சேச்சே, அது குடியிருக்கறவங்க காலமுங்க” என்று சொல்லிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மட்டும் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

கஷ்டமும் இருந்தது. இட்லி மாவு பொங்க மறுத்தது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டுக்கு வெளியே சித்திரையில் வைத்துப் புளிக்கவைத்து உள்ளே கொண்டுவந்து இலையுதிர் காலத்தில் வேகவைத்துச் சாப்பிட்டார்கள். துவைத்த துணி காயவில்லை. தேங்காய் எண்ணெய் உறைந்தது, அதைப் பார்த்துப் பெரியவர்கள் கைகொட்டினார்கள். தைலம் தீர்ந்தது. டிரங்குப் பெட்டிகளிலிருந்து ரிஜெக்ட் ஆன தொப்பிச் சட்டைகள் வெளியே வந்தன, வருஷக்கணக்காகத் தைத்துத் தள்ளியவர்கள் முதல் தடவையாக அதைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, வயிற்றுக்கு மேலே இருந்த அந்த ஒற்றைப் பாக்கெட்டுக்குள் இரண்டு பக்கமும் கையை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே கையும் கையும் சந்தித்துக்கொண்டன. “அட, இதுக்குத்தானாக்கும் இந்தப் பாக்கெட்டு!” என்று ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொருவராகக் கத்தினார்கள். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் சாயங்காலம் வரைக்கும் ரீடிங் எடுத்தார். தெருக்காரர்கள் தூங்காத கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து கொடுத்து, தூங்கியதும் வாங்கிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும், போட்டோ நெட்டில் எடுத்தது மாதிரி இருக்கிறது, சொந்தமாகச் செய்து அனுப்பவும் என்று பதில் வந்தது.

ஆனால் ஓர் இலைகூட உதிரவில்லை. பனி வந்தது, காற்று வந்தது, கயிறு ஆடியது, இலைகள் பல்லி மாதிரி பிடித்துக்கொண்டு தொங்கின. “மேடம் சொன்னாங்கல்ல, பேசாதவங்க பேசோணும்னு,” என்று சரண்யா எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் எதிரெதிர் ஜன்னல்களின் கோணித் திரையைப் பார்த்தார்கள்.

விளையாட்டுக்குச் சொன்ன சட்டம் நிஜமாகி வந்து நின்றதைப் பார்த்து ஜீவிதா பயப்படவில்லை, துள்ளினாள். ருக்குமணி குழாயடியில் இருக்கும் நேரம் பார்த்துச் சந்துக்குள் புகுந்து, டிரம்முக்குப் பின்னால் குத்தவைத்து, கோகிலவாணியின் திரைக்கு நேராக அம்மா குரலை எடுத்துவிட்டாள்.

“யக்கா… சாப்ட்டீங்களா?”

திரைக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது.  அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். “ருக்கு! நீதானா பேசற? என்ற காதையே நம்ப முடியலியே!”

“நாந்தேங்க்கா. மொகத்தப் பாக்கக்கூடாதாம்ல. அதேன் இங்கிட்டு நின்னு பேசுறேன்.”

கோகிலவாணி அடுக்களையை விட்டுப் போன பிறகு, ஜீவிதா இந்தப் பக்கம் திரும்பி, திரும்பி வந்த அம்மாவிடம் கோகிலவாணியாகப் பேசினாள். “ஏம்புள்ள ருக்கு, ஒடம்புக்கு எப்படி இருக்குது?” ருக்குமணி திரைக்குப் பின்னால், “ஆத்தாடி, யக்கா!” என்று சொல்லிவிட்டு அதற்குமேல் பேச முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது திரையில் நிழலாகத் தெரிந்தது. ஜீவிதாவுக்கும் கண் கலங்கிவிட்டது. தன் தொண்டையை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

மறுநாளிலிருந்து பேச்சு பெருகியது, பேச்சோடு வேறொன்றும் பெருகியது. “ருக்கு, எனக்கு இடுப்பு வலி தாங்கல, உன்ற புள்ள சும்மாதான சுத்தீட்டு இருக்குது, அதைய அனுப்பி ரெண்டு கொடம் தண்ணி ஊத்தச் சொல்லேன்” என்றாள் கோகிலவாணி. அம்மா குரலில் உட்கார்ந்துகொண்டு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? “அதுக்கென்னக்கா, இப்பவே அனுப்புறேன்” என்று சொல்லிவிட்டு ஜீவிதா சந்தை விட்டு வெளியே ஓடி, சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்து, “பெரிம்மா, அம்மா அனுப்புச்சு” என்று நின்றாள். குடம் தூக்கினாள். அண்டா தேய்த்தாள். வெங்காயம் ஒரு மூட்டை உரித்தாள். இந்தப் பக்கம் ருக்குமணி, “யக்கா, இவ எந்நேரமும் போனும் கையுமா கெடக்கா. நீங்க வாங்கி வச்சுக்கிட்டாத்தேன் உருப்படுவா, நீங்க சொன்னா கேப்பா” என்றாள். “அதுக்கென்ன ருக்கு, வாங்கி வெச்சுக்கறேன்” என்று கோகிலவாணி குரலில் தன் வாயாலேயே சொல்லி, தன் கையாலேயே தன் போனைக் கொண்டுபோய்ப் பெரிம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள் ஜீவிதா. பெரிம்மா அதை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை வடகம். காம்பவுண்டுக்குள் வெயில் இல்லாததால் இரண்டு வீட்டு வடகத்தையும் கேட்டுக்கு வெளியே சித்திரையில்தான் காயவைக்க வேண்டியிருந்தது. காக்கா ஓட்ட ஆள் வேண்டும். இருவரும் ஒருவருக்கொருவர் ஜீவிதாவைச் சிபாரிசு செய்தார்கள், இரண்டு சிபாரிசையும் ஜீவிதாவே ஏற்றுக்கொண்டாள். உள்ளே ஊரே தொப்பிச் சட்டை போட்டுக்கொண்டு சுக்குக் காபி குடித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் தெருவில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, காக்காய்களிடம் காக்காயாகவே கத்திக்கொண்டு நின்றாள். அவள் குரலுக்குக் காக்காய்கள் போகவில்லை, சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தன.

இலைகள் உதிர ஆரம்பித்ததும் அப்போதுதான். அவள் வடகத்தோடு வெளியே நிற்கும் வேளையாகப் பார்த்து, உள்ளே கடுகு மஞ்சளும் துருவும் சிவப்புமாக, சுற்றிச் சுற்றி, அவசரமே இல்லாமல் விழுந்தன. தெரு கேட்கக் காம்பவுண்டு கைதட்டியது. அவள் உள்ளே வரும்போது தரை முழுக்க இலை, பொன்னுசாமியின் வழுக்கையில் ஓர் இலை. விழுந்ததைக் கூட்டி மூலையில் குவித்தால், விடிவதற்குள் கயிற்றில் புதிதாகத் துளிர்த்துத் தொங்கின, ஓரம் அடித்தபடியே, காம்பு மேலே நுனி கீழே. ‘என் குரலுக்கு விழுந்த இலை’ என்று ஜீவிதா மனசுக்குள் பூரித்தாள். தான் சந்தில் உட்கார்ந்து பேசும்போது ஏன் ஒன்றுகூட விழவில்லை என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை, அண்டா காத்திருந்தது. ஒருநாள் வடகத்தைத் திருப்பிப் போடும்போது உள்ளேயிருந்து இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. டி.வி. என்று நினைத்தாள். இன்னொரு நாள் அம்மா வைத்த புளிக்குழம்பில் பெரிம்மாவின் கைமணம் இருந்தது. பசியில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டாள்.

ஆனால் எவ்வளவு பேசியும் பெரிம்மா போகிற பேச்சை மட்டும் விடவில்லை. முன்னறையைக் காலி செய்தாள். கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினாள். பாத்திரங்கள் சாக்கில் ஏறின. “யக்கா, நெசமாவே போறீகளா?” என்று அம்மா குரலில் கேட்டால், “பாக்கலாம் ருக்கு, எல்லாம் முகூர்த்தத்தன்னைக்குத் தெரிஞ்சுரும்” என்று பெருமூச்சு வந்தது. ஜீவிதா இன்னும் இரண்டு குடம் கூடுதலாக ஊற்றிப் பார்த்தாள்.

வைகாசியின் கடைசி முகூர்த்தம் விடிந்தது. தெருமுனையிலிருந்து ஒரு குட்டியானை லோடு வண்டி, பின்னால் தார்ப்பாய் போட்டு, மூக்கை நுழைத்து நுழைத்துக் காம்பவுண்டுக் கேட்டுக்கு வந்து நின்றது. கோகிலவாணி புதுச்சேலை கட்டிக்கொண்டு டிரைவரிடம், “மெதுவாங் தம்பி, இடிச்சுப்போடாதீங்க” என்று கை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஜீவிதா கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டாள். அம்மா எங்கே என்று பார்க்கவில்லை. பெரிம்மா திரும்பி வீட்டுக்குள் போவதைப் பார்த்ததும் சந்துக்குள் பாய்ந்து, டிரம்மில் முட்டியை இடித்துக்கொண்டு, திரைக்கு நேராக நின்று, தொண்டையில் இருந்த அம்மாவை எல்லாம் திரட்டிப் பேசினாள்.

“யக்கா, போகாதீங்கக்கா! இலை தலைகீழாப் போனதுக்கு நீங்களும் காரணமில்ல, நானும் காரணமில்ல. தோரணம் கட்டுற கைக்கு வேற எங்கிட்டுத் தெரியும்? நீங்க போய்ட்டா எனக்கு யாரு இருக்கா? நீங்க போன வீட்டுல வேற எவளாவது வந்து தாளிச்சா எனக்குத் தும்மல்கூட வராதுக்கா. இந்தப் புள்ளையப் பாருங்க, அது யாரு மடியில படுக்கும்? அது யாரைக் கேலி பண்ணும்? பெரிம்மா, நீங்க போனா நான்…”

பெரிம்மா என்று வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.  கேட்டருகே தார்ப்பாய் அவிழ்கிற சத்தம் கேட்டது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அம்மா, பெரிம்மா எங்கயும் போகலியாம்மா. வண்டி ஏத்தறதுக்கு வரல, எறக்கறதுக்கு வந்திருக்கு. ரெண்டு மெஷின். ஒரு ஓவர்லாக்கு, ஒரு பிளாட்லாக்கு. பெரிம்மா முன்னறையில போட்டுட்டு நீயும் பெரிம்மாவும் சொந்தமா தைக்கப் போறீங்களாம்ல? ஊரே தோரணம் கேக்குதாம்ல?”

ஜீவிதா விழித்தாள். பெரிம்மா குரல் இல்லை. சரண்யா இல்லை. மிதுனா இல்லை, டி.வி. இல்லை. அந்தக் காம்பவுண்டில் அவளுக்குத் தெரியாத குரல் கிடையாது; குக்கரைக்கூட வீட்டுக்கு வீடு அடையாளம் சொல்லுவாள். ஆனால் இது யார்? ஒரு மாதிரி கீச்சென்று, வேகமாக, வார்த்தைக்கு வார்த்தை எட்டிக் குதித்துக்கொண்டு, எந்த நேரமும் சிரித்துவிடுகிற மாதிரி மூச்சில் ஒரு நடுக்கம். கொஞ்சம் அதிகப்பிரசங்கிக் குரல். கேட்டதும் காதைத் திருகலாம் போல இருக்கிற குரல்.

“ஏய், யார்டி அது?” என்று அம்மா குரலிலேயே அதட்டினாள்.

“என்னம்மா, பெத்த புள்ளையத் தெரியலையா? அண்டாவும் தேச்சு, வெங்காயமும் உரிச்சு, காக்காவும் ஓட்டி, போனையும் அரிசிப் பானையில போட்டுட்டு உக்காந்திருக்கேனே!”

முதுகுக்குப் பின்னால், அம்மா வீட்டுக் கோணித் திரை உப்பியது. அதற்குள் யாரோ முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள். அதே குலுங்கல், முதல் நாள் அழுகை என்று அவள் கண் கலங்கின அதே தோள். சந்துக்கு மேலே கயிற்றிலிருந்து ஓர் இலை, அவள் பார்க்க, அவள் நிற்கும்போதே, சுற்றிச் சுற்றி இறங்கி அவள் தலையில் உட்கார்ந்தது. அது விழுந்தது அவள் குரலுக்கு இல்லை.

ஜீவிதாவுக்கு யார் குரலும் கைக்கு அகப்படவில்லை. எது மிச்சம் இருந்ததோ அதில் மெதுவாகக் கேட்டாள்: “எப்ப இருந்து ரெண்டு பேரும் பேசிக்கறீங்க? இதெல்லாம் யாரு வேலை?”

 பிறகு இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும், பழகிப் பழகிப் பதம் பார்த்து வைத்திருந்த ஒரே குரலில், கடைசி எழுத்தை ரப்பர் மாதிரி இழுத்து, இழுத்த வாலில் விக்கல் சிரிப்பும் வைத்து, இருவரும் சேர்ந்து சொன்னார்கள்:

“சத்தியமா நானில்லே…ஏ!”

ஓ, என்றாள் ஜீவிதா. அது நான்.